யானைப் போரும் சருகுமானும்

மலாய்மொழியில் ஒரு பழமொழி உண்டு. யானையோடு யானை பொருதினால், இடையில் நின்ற சருகுமான் மாண்டுபோகும் என்பது அதன் பொருள். வல்லார் இருவர் மோதும்போது மெலியார் அழிவர் என்னும் உண்மையை இதனினும் சுருக்கமாகச் சொல்லுதல் அரிது. நம் தமிழ்ப்பள்ளி மாணவர்கள் மலாய்ப் பாடத்தில் இதனைப் படிக்கின்றனர். அதே மாணவர்கள் வரலாற்றுப் பாடத்தில் மற்றொரு சருகுமானைக் காண்கின்றனர். வேட்டைக்கு வந்து மரத்தடியில் இளைப்பாறிய அரசனின் நாயை ஒரு வெண்ணிறச் சருகுமான் உதைத்து ஆற்றில் தள்ளியது. மானும் வீரங்காட்டும் இவ்விடமே நகரமைக்க ஏற்றது என்று அரசன் அங்குத் தங்கினான், மலாக்கா பிறந்தது. ‘செஜாரா மெலாயு’ சொல்லி, பாடநூல்கள் பரமேஸ்வராவின் பெயரால் வழங்கிவரும் கதை இது. மலாக்கா மாநிலச் சின்னத்தில் இன்றும் இரண்டு சருகுமான்கள் நிற்கின்றன.

சில திங்களுக்கு முன், ஆசிரியர் ஒருவர் விடுப்பிலிருந்த நாளில் நான் ஐந்தாம் ஆண்டு வகுப்பிற்குச் சென்றிருந்தேன். மாணவி ஒருத்தி எழுந்து, “ஐயா, பழமொழியில் மான் சாகிறது, கதையில் மான் உதைக்கிறது. இரண்டில் எது மெய்?” என்று வினவினாள். இரண்டும் மெய்தான் என்று விடையிறுத்தேன். மணியும் அடித்தது. ஆயினும் அவ்விடை எனக்கே நிறைவளிக்கவில்லை. எப்போது மான் சாகும், எப்போது உதைத்து நிற்கும் என்று சொல்லாத விடை விடையாகுமா? அம்மாணவிக்கு நான் பட்ட கடனே இக்கட்டுரை.

வல்லரசுகளின் போட்டி நம் வட்டாரத்தின் பாதுகாப்பையும் வணிகத்தையும் என்ன செய்தது, என்ன செய்கிறது என்பதை ஆய்வதற்கு மலாக்கா நீரிணையைவிடச் சிறந்த களம் வேறில்லை. அந்நீரிணையைப் பற்றி இந்நாட்டுத் தமிழராகிய நாம் எழுதியும் பேசியும் வந்தவற்றுள் இரண்டு குரல்களே ஓங்கி ஒலிக்கின்றன. ஒன்று, கடாரம் வென்ற பெருமிதக் குரல். மற்றொன்று, சயாம் இரயில் பாதையில் மாண்டவர்க்காக எழுந்த அழுகுரல். முன்னது களிற்றின் புகழ். பின்னது மானின் கண்ணீர். இரண்டையும் பழிப்பது என் நோக்கமன்று. ஆனால் இவ்விரண்டிற்கும் இடையே எழவேண்டிய மூன்றாவது குரலொன்று நம் எழுத்தில் மெலிந்து கிடக்கிறது. அது மானின் அறிவைச் சொல்லும் குரல்.

வள்ளுவர் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். அவற்றின் இறுதிக் குறளில், அஞ்சாத போர்க்களிறும் கால் புதையும் சேற்றில் சிக்கினால் நரிக்கு இரையாகும் என்று முடித்தார். வலிமையை மட்டும் எடைபோடுவோர் உலகைப் பாதியே அறிந்தவர் என்பது அவர் கருத்தாதல் வேண்டும். வலி, காலம், இடம் என்னும் இம்மூன்று அளவைகளையும் கைக்கொண்டு நீரிணையின் வரலாற்றை நோக்குவோம்.

நீரிணையின் இயல்பு

மலாக்கா நீரிணை ஏறத்தாழ 800 கிலோமீட்டர் நீளமுடையது. வடமேற்கில் அந்தமான் கடலை நோக்கி அகன்று கிடக்கும் இது, தென்கிழக்கே செல்லச் செல்லக் குறுகுகிறது. சிங்கப்பூரை அடுத்த பிலிப் கால்வாயில் இவ்வழியின் அகலம் மூன்று கிலோமீட்டருக்கும் குறைவே.

பாய்மரக் காலத்தில் இவ்வழியை ஆண்டவை காற்றுகள். தென்மேற்குப் பருவக்காற்று இந்தியக் கப்பல்களை இங்குக் கொணர்ந்தது. வடகிழக்குப் பருவக்காற்று சீனக் கப்பல்களைக் கொணர்ந்தது. இருவரும் திரும்புவதற்கு எதிர்க்காற்று வரும்வரை காத்திருக்க வேண்டும். காத்திருக்கும் இடத்தில் கிடங்கு எழுந்தது, கடைத்தெரு எழுந்தது, கோயிலும் பள்ளிவாசலும் எழுந்தன. ஆகவே இங்குள்ள துறைமுகத்தின் செல்வம் அதன் மண்ணில் விளைந்ததன்று. வந்து தங்கும் அயலார் கொண்ட நம்பிக்கையில் விளைந்தது. தம் பண்டம் பறிபோகாது, தம் உயிருக்கு ஊறு நேராது, வரி வரம்பு மீறாது என்று நம்பினால் வருவர். நம்பிக்கை குலைந்தால் வேறு துறையைத் தேடுவர்.

இவ்வியல்பை மாணவர்க்கு முதலில் உணர்த்துதல் வேண்டும். வயலைக் கைப்பற்றியவன் விளைச்சலைப் பெறுவான். வழியைக் கைப்பற்றிப் பிறரை விலக்கியவனோ, வருவோரும் போவோரும் அற்ற வெறுந்துறையைப் பெறுவான். நீரிணையை நாடிய வல்லரசுகள் பல இவ்வேறுபாட்டை உணராமலே வந்தன.

களிற்றின் புகழ்

புகார்த்துறையில் குவிந்த பண்டங்களை அடுக்கிச் சொல்லும் பட்டினப்பாலை, காழகத்திலிருந்து வந்த பொருள்களையும் அவற்றோடு சேர்க்கிறது. காழகம் என்பது கடாரமே என்று நச்சினார்க்கினியர் உரை கூறுகிறது. அவ்வுரையைக் கொண்டால், அப்பழம்பாட்டில் இம்மண் போர்க்களமாக வரவில்லை. வணிகத் துணையாக வருகிறது.

பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இக்கடலில் மூன்று பேராற்றல்கள் இருந்தன. கிழக்கே சொங் மரபினர் ஆண்ட சீனம், நடுவே ஸ்ரீவிஜயம், மேற்கே சோழப் பேரரசு. முதலில் நட்பே நிலவியது. முதலாம் இராசராசன் காலத்தில் கடாரத்து அரச மரபினர் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரத்தை எழுப்பினர். அதற்குச் சோழ மன்னன் ஆனைமங்கலம் என்னும் ஊரைக் கொடையளித்தான். சோழரின் தூது 1015ஆம் ஆண்டில் சீன அரசவையை அடைந்தது. பத்தே ஆண்டில் நிலை மாறியது. 1025இல் முதலாம் இராசேந்திரனின் கப்பற்படை கடல் கடந்து வந்தது. ஸ்ரீவிஜய மன்னன் சங்கிராம விசயோத்துங்கவர்மன் சிறைப்பட்டான். வென்ற இடங்களாகப் பதின்மூன்றினைத் தஞ்சைக் கல்வெட்டு பெயர் சுட்டி உரைக்கிறது. சீனத்திற்கும் தென்னிந்தியாவிற்கும் இடைப்பட்ட வணிகத்தை ஸ்ரீவிஜயம் தன் பிடியில் வைத்திருந்ததே படையெடுப்பின் காரணம் என்பது வரலாற்றறிஞர் பலரின் கருத்து.

இதுவரை நம் மேடைகள் நன்கறியும். இதன்பின் நிகழ்ந்தவற்றையே நாம் சொல்வதில்லை. சோழர் இங்கு நிலைத்த ஆட்சி அமைக்கவில்லை. 1068ஐ ஒட்டி வீரராசேந்திரன் மீண்டும் கடாரத்தை வென்றும், தன்னை அடைந்த அந்நாட்டு மன்னனுக்கே அதனைத் திருப்பியளித்ததாக அவன் மெய்க்கீர்த்தி கூறுகிறது. 1090இல் கடாரத்துத் தூதர் வேண்டியபடி, முதலாம் குலோத்துங்கன் நாகப்பட்டின விகாரத்திற்குரிய ஊர்களின் வரியை நீக்கினான். இதற்கிடையில், 1088இல் சுமத்ராவின் மேற்குக் கரையில் பாரூசுக்கு அருகே தமிழ்க் கல்வெட்டு ஒன்று எழுந்தது. அதனைப் பொறித்தவர் மன்னரல்லர். திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர்.

வாள் வந்தது, சென்றது, துலாக்கோல் தங்கியது. ஆயினும் நம் மாணவருள் 1025ஐ அறிந்தவர் பலர்; 1088ஐ அறிந்தவரை நான் கண்டதில்லை. ‘கடாரம் கொண்டான்’ என்ற பட்டத்தைச் சொல்லும்போது வகுப்பறையில் நெஞ்சுகள் நிமிர்கின்றன. நிமிரட்டும், தாழ்வு மனத்தோடு வளரும் தோட்டத்துப் பிள்ளைக்கு அப்பெருமிதம் மருந்தாகக்கூடும். ஆயினும் மருந்துக்கும் அளவுண்டு. அன்று களிறு நம்முடையது. மிதிபட்ட மான், இன்று நம்மோடு ஒரே நாட்டில் வாழ்வாரின் முன்னோருடையது. தன் இனம் மிதித்த கதையை மட்டும் பெருமையாகக் கற்ற பிள்ளை, பிறர் மிதிக்கும்போது எந்த அறத்தைச் சுட்டி முறையிடும்? நம் பெருமிதக் கட்டுரைகள் எழுப்பத் தவறிய வினா இது.

மானின் அறிவு

பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாக்கா பிறந்தபோது அதனிடம் படையில்லை; வயலில்லை. வடக்கே சயாம், தெற்கே மயாபாகிட் என இரு களிறுகள் நின்றன. வலியறிதலின் அளவையால் நோக்கினால் அது பத்தாண்டும் நிலைத்திருக்கக் கூடாது. ஆனால் அதன் தலைவர்கள் காலத்தை அறிந்தனர். 1405இல் சீனப் பேரரசர் யொங்லோவின் ஏற்பிசைவு மலாக்காவிற்குக் கிட்டியது. 1409இல் தளபதி செங் ஹோவின் கப்பல்கள் வந்தன. 1411இல் பரமேஸ்வரா ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட பரிவாரத்துடன் தாமே சீனம் சென்று திரும்பினார். மலாக்காவைத் தாக்க வேண்டா என்று சயாமுக்குச் சீனத்தின் எச்சரிக்கையும் சென்றது.

இது யானையின் நிழலில் ஒதுங்கியதன்றி வேறென்ன என்று கேட்கலாம். தக்க வினாவே. ஆனால் நிழலில் ஒதுங்கியவர் அங்கேயே உறங்கிவிடவில்லை. சீனக் கப்பற்படையின் நெடும்பயணங்கள் 1433இல் முடிவுற்றன, நிழல் விலகியது. மலாக்காவோ அதன்பின்னரே உச்சம் எய்தியது. சயாமின் படையெடுப்புகளைத் துன் பேராக்கின் தலைமையில் தடுத்து நின்றது. தடுத்தபின் சயாமிடம் சமாதானத் தூதும் அனுப்பியது. வென்றபின் பகையை வளர்க்காமையே மானின் அறிவில் முதன்மையானது.

உள்நாட்டில் அது செய்த ஏற்பாடு இன்னும் வியக்கத்தக்கது. துறைமுகத்திற்கு ஒருவரன்றி நான்கு ஷாபண்டார்கள் இருந்தனர். குஜராத்தியர்க்கு ஒருவர்; தமிழர் உள்ளிட்ட கீழைக்கரை வணிகர், வங்காளர், பெகு நாட்டார் முதலியோர்க்கு ஒருவர்; சாவகத்தார், மலுக்குத் தீவினர் முதலியோர்க்கு ஒருவர்; சீனர் முதலியோர்க்கு ஒருவர். மேற்கிலிருந்து வந்த பண்டத்திற்கு நூற்றுக்கு ஆறு எனத் தீர்வை வரையறுக்கப்பட்டிருந்தது. கடலோடிகளுக்கெனத் தனிச் சட்டத் தொகுப்பும் இருந்தது. 1512 முதல் சில ஆண்டுகள் அங்கு வாழ்ந்த போர்த்துகீசியர் தொமே பிரேஸ், அந்நகரில் 84 மொழிகள் ஒலித்ததாக எழுதிவைத்தார்.

எவர்க்கும் உரிய வழி, எவர்க்கும் தனியுரிமையில்லை. தன்மேல் கைவைக்க எண்ணும் களிற்றுக்கு, வைக்காமலிருப்பதே ஆதாயம் என்று தோன்றச் செய்ததே மலாக்காவின் அரண். கல்லால் எழுப்பும் அரணைவிட இவ்வரண் கட்டுதற்கு அரிது, இடிதற்கு எளிது.

அரண் இடிந்த நாள்

1511 ஆகஸ்டில் அல்புகெர்க் ஏறத்தாழ 1,200 வீரருடன் மலாக்காவைக் கைப்பற்றினார். பீரங்கியின் ஆற்றல் பெரிதே. எனினும் நகரம் உள்ளிருந்தே தளர்ந்திருந்தது. தமிழ் முஸ்லிம் வழிவந்த பெண்டஹாரா துன் முத்தாஹிர், அரசுக்கு எதிராகச் சதி செய்தார் என்ற பழிச்சொல்லின்பேரில் 1510இல் குடும்பத்தாரோடு கொல்லப்பட்டிருந்தார். அயல்வணிகர் அரசவைமீது கொண்ட நம்பிக்கை ஆட்டங்கண்டிருந்தது. கீழைக்கரை இந்து வணிகர் நைனா சத்து, சிறைப்பட்ட போர்த்துகீசியர்க்கு உதவினார்; வெற்றிக்குப்பின் அல்புகெர்க்கிடம் உயர்பதவியும் பெற்றார். சில ஆண்டிற்குள் அப்பதவி பறிக்கப்பட்டது. மானம் பொறாத அவர் 1514இல் தீக்குளித்து மாண்டார்.

இவ்விருவர் வாழ்வும் நம்மவர் பேனாவுக்குக் காவியப் பொருளாகத்தக்கவை. ஒருவர் தம் அரசாலேயே அழிந்தார். மற்றவர் தாம் சேர்ந்த யானையாலேயே அழிந்தார். களிற்றின் காலடியே பாதுகாப்பான இடம் என்று எண்ணும் எவர்க்கும் நைனா சத்துவின் முடிவு ஒரு பாடம்.

வென்றவர்க்கேனும் வணிகம் நிலைத்ததா? வணிகத்தைத் தம் பிடிக்குள் அடக்க முயன்ற போர்த்துகீசியரை விட்டு முஸ்லிம் வணிகர் பலர் அச்சே, ஜொகூர், பந்தன் முதலிய துறைகளுக்கு மாறினர். கோட்டை கையில் இருந்தது. காத்திருப்போர் கூட்டம் குறைந்தது. 1641இல் ஒல்லாந்தர் ஜொகூரின் துணையோடு அக்கோட்டையையும் பறித்தனர். ஆனால் அவர்களின் தலைமையிடம் பத்தாவியா; மலாக்கா பின்தள்ளப்பட்டது.

1824இல் இலண்டனில் ஆங்கிலேயரும் ஒல்லாந்தரும் செய்த உடன்படிக்கையைத் தனியே சுட்டுதல் வேண்டும். அங்கு யானைகள் பொரவில்லை; சமாதானம் செய்துகொண்டன. பென்கூலனைக் கொடுத்து மலாக்காவைப் பெற்ற ஆங்கிலேயர், நீரிணையின் வடபுறத்தைத் தமக்கென வைத்துத் தென்புறத்தை ஒல்லாந்தர்க்கு விட்டனர். ஜொகூர்–ரியாவ் சுல்தானகம் இரண்டாகக் கிழிந்தது. ஒரே மொழி பேசி, ஒரே நீரில் மீன் பிடித்தவர் இருவேறு ஆட்சிக்குரியராயினர். இன்று மலேசியாவையும் இந்தோனேசியாவையும் பிரிக்கும் கோட்டின் வேர் அங்கே உள்ளது. யானைகளின் போரில் மட்டுமன்று, உறவிலும் மான் மிதிபடும் என்பதைப் பழமொழி சொல்லாமல் விட்டது.

மானின் கண்ணீர்

இருபதாம் நூற்றாண்டில் நீரிணை மட்டுமன்றி அதன் கரையும் விரும்பப்படும் பொருளாயிற்று. மலாயாவின் ரப்பரும் ஈயமும், சுமத்ராவின் எண்ணெயும் தொழில்வல்லரசுகளின் குருதியோட்டமாயின. 1941 ஜூலையில் ஜப்பான் தென் இந்தோசீனத்தில் புகுந்தபோது அமெரிக்கா, பிரிட்டன், ஒல்லாந்து மூன்றும் அதன் சொத்துகளை முடக்கின, எண்ணெய் நின்றது. வணிகத் தடை போராக மாற ஐந்து திங்களே ஆயின. 1941 டிசம்பர் 8இல் ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினர். 10ஆம் நாள், பிரிட்டனின் இரண்டு பெரும் போர்க்கப்பல்கள் குவாந்தான் கடலில் மூழ்கின. 1942 பிப்ரவரி 15இல், அசைக்கவொண்ணாதது எனப்பட்ட சிங்கப்பூர் வீழ்ந்தது. ஒரே யானையை நம்பியிருந்த மலாயாவின் பாதுகாப்பு எழுபது நாளில் முடிந்தது.

சயாம் இரயில் பாதையைப் பற்றி நாம் அழுதிருக்கிறோம். ஆனால் அப்பாதை ஏன் போடப்பட்டது என்பதை மாணவர்க்கு விளக்குவோர் சிலரே. பர்மாவில் போரிட்ட ஜப்பானியப் படைக்குப் பொருள்கள் சிங்கப்பூரைச் சுற்றி நீரிணை வழியே இரங்கூன் செல்ல வேண்டியிருந்தது. நேசநாட்டு நீர்மூழ்கிகளுக்கும் விமானங்களுக்கும் அவ்வழி இலக்காகக் கூடியது. அதனைத் தவிர்க்கவே காட்டையும் மலையையும் பிளந்து 415 கிலோமீட்டர் தண்டவாளம் இடத் துணிந்தனர். கடல்வழி பாதுகாப்பற்றதாயின் அதன் விலையைத் தரையில் உள்ள ஏழை செலுத்துகிறான்.

நேசநாட்டுப் போர்க்கைதிகள் அறுபதாயிரத்திற்கு மேற்பட்டோரும், அவரினும் மிகப் பலராகிய ஆசியத் தொழிலாளரும் அப்பணியில் ஈடுபடுத்தப்பட்டனர். 1943 அக்டோபரில் பாதை முடிந்தது. கைதிகளுள் பன்னிரண்டாயிரத்திற்கு மேற்பட்டோர் மாண்டனர். ஆசியத் தொழிலாளருள் மாண்டவர் அதனினும் பன்மடங்கு என்பது மதிப்பீடு. அவருள் மலாயாத் தோட்டங்களிலிருந்து சென்ற தமிழர் பல்லாயிரவர். காஞ்சனபுரியில் கைதிகளின் கல்லறைகள் பெயரோடு வரிசையாக நிற்கின்றன. நம்மவர்க்குப் பெயர்ப் பட்டியலே முழுமையாக இல்லை.

என் பாட்டனாரின் தமையனார் அவருள் ஒருவர். பேராக்கில் ஒரு தோட்டத்துப் பால்வெட்டுத் தொழிலாளியாக இருந்த அவர், 1943இல் லாரியேறிச் சென்றார், திரும்பவில்லை. இறந்த நாள் தெரியாமையால் அவருக்கெனத் திதி இல்லை. ஆண்டுதோறும் தை அமாவாசையன்று எம் பாட்டியார் வாழையிலையில் அவர் பங்கையும் சேர்த்துப் படைப்பார். “எந்த ராசாவுக்குச் சண்டையோ, எங்க வீட்டு ஆம்பளை போனாரு” என்று அவர் சொல்வதுண்டு. பழமொழியின் சருகுமானை நான் முதன்முதலாக அறிந்தது அச்சொற்களில்தான்.

வணிகமும் அன்று நசிந்தது. பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வந்த அரிசி குன்றியது. மரவள்ளிக் கிழங்கே உணவாயிற்று. ஜப்பானியர் அச்சிட்ட வாழைமரப் படம் போட்ட நோட்டுகள் 1945இல் வெறுந்தாளாயின. ஒருவர் சேமிப்பு முழுதும் ஒரே நாளில் குப்பையாவது எத்தகையது என்பதை அத்தலைமுறையினர் அறிவர்.

ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ முதலிய நாவல்கள் இத்துயருக்கு மொழி தந்தன. அதற்காக நாம் நன்றியுடையோம். ஆயினும் இவ்வகை எழுத்துள் பெரும்பாலானவை ஜப்பானியரின் கொடுமையோடு நின்றுவிடுகின்றன. கொடுமைக்குப் பின்னிருந்த ரப்பர் விலை, எண்ணெய்த் தடை, கப்பல்வழி ஆகியவற்றை அவை தொடுவதில்லை. ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ (1972) வேறுபட்டு நிற்கிறது. மெடானில் வணிக நிலையத்தில் பணிபுரிந்த அவர், போரைக் கடைவீதியிலிருந்து பார்த்தார். மெடானிலிருந்து பினாங்குக்கு நீரிணையைக் கடக்கும் அத்தோணியில் வணிகமும் போரும் ஒருங்கே பயணஞ்செய்கின்றன. மலேசியத் தமிழ்ப் புனைவு அப்பார்வையை இன்னும் மிகுதியாகப் பெறுதல் வேண்டும் என்பதே என் அவா.

உதைத்து நின்ற மான்

விடுதலைக்குப்பின் நிகழ்ந்தவை, மானின் அறிவு மீண்டதைக் காட்டுகின்றன. முதலில் மான்களே தமக்குள் மோதின. 1963 முதல் 1966 வரை இந்தோனேசியா நடத்திய எதிர்ப்புப் போக்கினால் நீரிணையின் இருகரை வணிகமும் தடைப்பட்டது. 1967 ஆகஸ்ட் 8இல் இந்தோனேசியா, மலேசியா, பிலிப்பைன்ஸ், சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய ஐந்தும் பாங்காக்கில் கூடி ஆசியானை அமைத்தன. 1971 நவம்பரில் கோலாலம்பூரில், இவ்வட்டாரம் அமைதி, சுதந்திரம், நடுநிலை மண்டலமாக விளங்க வேண்டும் என்று பறைசாற்றின. 1974 மே மாதத்தில் துன் அப்துல் ரசாக் பீக்கிங் சென்றார். ஆசியான் நாடுகளுள் மலேசியாவே முதலில் சீனத்தோடு உறவு பூண்டது. மேற்குலகோடு உறவை முறிக்காமலே செய்த செயல் இது.

அதே 1971இல் மலேசியா, இந்தோனேசியா, சிங்கப்பூர் மூன்றும் நீரிணையில் கப்பற் போக்குவரத்தின் பாதுகாப்பு கரைநாடுகளின் பொறுப்பே என்று கூட்டாக அறிவித்தன. அப்போது ஒரு விந்தை நிகழ்ந்தது. உலகெங்கும் பகைத்து நின்ற அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும், தத்தம் கடற்படைகள் தடையின்றிச் செல்ல வேண்டும் என்பதில் ஒருமனப்பட்டன. மூன்று நாடுகளும் வல்லரசுகளின் வழியை மறிக்க முடியாது. அதனை உணர்ந்து, மறிக்கக்கூடியதை விட்டு ஒழுங்குபடுத்தக் கூடியதைப் பற்றின. 1975 ஜனவரியில் ‘ஷோவா மாரு’ என்னும் ஜப்பானிய எண்ணெய்க் கப்பல் தரைதட்டிக் கடலில் எண்ணெய் கொட்டியது. 1977இல், பெருங்கப்பல்களின் அடிக்கும் கடலின் தரைக்கும் இடையே 3.5 மீட்டர் நீர் இருத்தல் வேண்டும் என்ற விதியோடு போக்குவரத்து ஒழுங்கை வகுத்தன. ஆரவாரமற்ற இவ்விதி எந்தப் பரணியிலும் இடம்பெறாது. ஆனால் கரையோர மீனவரின் உலையை அது காத்தது.

2004ஆம் ஆண்டின் நிகழ்ச்சி இன்னும் தெளிவானது. கடற்கொள்ளை மிகுந்திருந்த நாளில், நீரிணைப் பாதுகாப்பில் அமெரிக்கப் படை பங்குகொள்ளக் கூடும் என்ற கருத்து எழுந்தது. மலேசியாவும் இந்தோனேசியாவும் அதனை ஏற்கவில்லை. மறுத்ததோடு நின்றிருந்தால் அது வீம்பு. அவ்வாண்டு ஜூலையில் மூன்று நாடுகளும் ஒருங்கிணைந்த கடற்காவலைத் தொடங்கின. 2005 ஜூனில் இலண்டன் காப்புறுதிச் சந்தையின் கூட்டுப் போர்க்குழு நீரிணையைப் போர் அபாயப் பட்டியலில் சேர்த்தது. ஒரு தோட்டாவும் வெடிக்காமலே வணிகச் செலவு உயரும் நிலை. செப்டம்பரில் வான்வழிக் காவலும் தொடங்கிற்று. கொள்ளை குறைந்தது. 2006 ஆகஸ்டில் நீரிணையின் பெயர் அப்பட்டியலிலிருந்து நீங்கியது. தன் வீட்டைத் தானே காப்பவனிடம், காவலுக்கு வருகிறேன் என்று எவரும் புகமுடியாது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இன்றைய யானைகள்

இன்று அமெரிக்காவும் சீனமும் எதிரெதிர் நிற்கின்றன. சீனத்தின் எண்ணெய் இறக்குமதியில் பெரும்பகுதி இந்நீரிணை வழியே செல்கிறது. அதனை எவரேனும் அடைத்துவிடுவரோ என்பது அந்நாட்டின் நெடுங்கவலை. தென்சீனக் கடலில் சீனம் கோரும் எல்லைக்குச் சட்ட அடிப்படையில்லை என்று 2016 ஜூலையில் பன்னாட்டு நடுவர் மன்றம் தீர்ப்பளித்தது. சீனம் அதனை ஏற்கவில்லை. கோரிக்கை சரவாக் கடற்பகுதியையும் தொடுகிறது. வணிகத்திலோ 2009 முதல் மலேசியாவின் மிகப்பெரும் பங்காளி சீனமே. அமெரிக்காவோ பெரும் முதலீட்டாளராகவும் சந்தையாகவும் இருக்கிறது.

2018இல் அமெரிக்கா சீனப் பொருள்கள்மீது தீர்வை விதித்தபின், தொழிலகங்கள் சில பினாங்குக்கும் கூலிமுக்கும் வந்தன. யானைகள் மோதும்போது கிளை முறிந்து மானுக்குத் தழை உதிர்வதும் உண்டு. ஆனால் தழையுதிரும் இடமே மரம் சாயும் இடமும் ஆகும். 2025 ஏப்ரலில் அமெரிக்கா மலேசியப் பொருள்கள்மீதும் 24 விழுக்காட்டுத் தீர்வையை அறிவித்தது. பேச்சுவார்த்தைக்குப்பின் ஆகஸ்டில் அது 19 ஆயிற்று. 1972இல் தொடங்கிய பாயான் லெப்பாஸ் தொழில்வட்டாரத்தில் நம் மாணவரின் பெற்றோர் பலர் பணிபுரிகின்றனர். அயல்நாட்டுத் தலைநகரில் இடும் ஒரு கையொப்பம், அவர்களின் மிகைநேர ஊதியத்தைக் குறைக்கும். பிள்ளையின் பள்ளிப் பேருந்துக் கட்டணத்தில் அது தெரியும். வல்லரசுப் போட்டி என்பது செய்தித்தாளின் அயலகப் பக்கத்து விவகாரமன்று.

மான்களின் ஒற்றுமையையும் மிகைப்படுத்தலாகாது. 2012இல் நொம்பென்னில் கூடிய ஆசியான் அயலுறவு அமைச்சர்கள், தென்சீனக் கடலைப் பற்றிய கருத்துவேற்றுமையால் கூட்டறிக்கை வெளியிடாமலே கலைந்தனர். 45 ஆண்டுகளில் அவ்வாறு நேர்ந்தது அதுவே முதன்முறை. 1971இன் நடுநிலை மண்டலம் முழுதும் நனவாகவில்லை. எனினும் 2022இல் நடப்பிற்கு வந்த வட்டார விரிவான பொருளாதாரப் பங்காளித்துவ உடன்படிக்கையில், ஆசியானோடு சீனம், ஜப்பான், கொரியா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகியவை ஒரே மேசையில் அமர்ந்துள்ளன. 2025 அக்டோபரில் கோலாலம்பூரில் தீமோர் லெஸ்தே பதினோராவது உறுப்பாகச் சேர்ந்தது. அரண் இன்னும் கட்டப்பட்டு வருகிறது. இடிபடும் கற்களும் உண்டு.

முடிவுரை

அம்மாணவிக்கு இப்போது விடை சொல்லலாம். மகளே, யானைகள் மோதுவதாலேயே மான் சாவதில்லை. ஒரே யானையின் காலடியைத் தன் வீடென நம்பும்போது சாகிறது. தன் கூட்டத்தில் பழிச்சொல் புகுந்து பிளவுபடும்போது சாகிறது. எவர்க்கும் பொதுவான வழியை ஒருவர்க்கே அடைத்துத் தரும்போது சாகிறது. தன் வலியறிந்து, காற்று மாறும் காலமறிந்து, தான் நிற்கும் இடத்தின் அருமை அறிந்து, மற்ற மான்களோடு சேர்ந்து நிற்கும்போது உதைக்கவும் செய்கிறது. எம் பாட்டனாரின் தமையனார்க்கு அவ்வாய்ப்பு இருக்கவில்லை. அவர்க்காக முடிவெடுத்தவர் எவரும் அவரைக் கேட்கவில்லை. அவ்வாறு நேராமல் காக்கும் பொறுப்பு, வாக்குரிமை பெற்ற குடிமக்களாக வளரப்போகும் உன் போன்றோர்க்கு உண்டு.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். 1025ஐக் கற்பிக்கும் நாளில் 1088ஐயும் கற்பியுங்கள். சயாமைச் சொல்லும்போது, அப்பாதை ஏன் போடப்பட்டது என்பதையும் வரைபடம் விரித்துக் காட்டுங்கள். எழுத்தாளர்களுக்கும் ஒன்று சொல்வேன். களிற்றின் புகழை நிறையப் பாடினோம். மானின் கண்ணீரையும் எழுதினோம். நான்கு ஷாபண்டார்களும், நைனா சத்துவும், மூன்றரை மீட்டர் நீருக்காக ஆண்டுக்கணக்கில் பேசிய அதிகாரிகளும் நம் பேனாவுக்காகக் காத்திருக்கின்றனர்.

வரும் தை அமாவாசையில், எம் பாட்டியார் படைத்த இடத்தில் என் மனைவியார் இலை விரிப்பார். அப்போது என் பேரப்பிள்ளைகள், அவர் ஏன் திரும்பவில்லை என்று கேட்பர். அழுதுகொண்டு மட்டும் விடை சொல்லாமல், அறிந்து சொல்ல வேண்டும் என்று எண்ணியிருக்கிறேன்.